கயித்துக்காரனுக்குக் கடலடியில என்ன சோலி?

மருமவனே, மெட்ராசுல மனசப் பத்திப் படிச்சு முடிச்சிட்டேன்னு உங்க அம்மா தெருவு முழுக்க மக்ரூன் குடுத்துட்டா. நல்ல காரியம். அடுத்தவன் மனசப் படிக்கதுக்கு நம்ம குடும்பத்துல இதுவரைக்கும் யாரும் காலேசுக்குப் போனதில்ல. வாசல்ல நான் செருப்பக் கழத்துத சத்தத்த வச்சே, எங்க போயிட்டு யாருகூட என்ன பேசிட்டு வாரேன்னு உங்க அத்தை சொல்லிருவா. பட்டம் வாங்கிட்டு அந்த வேலைக்கு வாரது நீதான் மொத ஆளு. தூத்துக்குடி டபிள்யூ.ஜி.சி. ரோட்டுல மாடியில ரூம் புடிச்சு, ஏசி மாட்டி, அழுவுதவுக கண்ணத் தொடைக்கத் தாள் பெட்டியும் வாங்கி வச்சிட்டியாம். ஆளு வரதுக்கு முன்னாலயே அழுகைக்கு ஏற்பாடு பண்ணிட்ட. கெட்டிக்காரன்.

ஒனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதின்னு கேப்ப. நான் தோணித் தண்டல். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏத்திக்கிட்டுப் போனவன். காத்து விழுந்து போச்சுன்னா நடுக்கடல்ல செய்ய ஒரு சோலியும் இருக்காது. எந்தக் காயிதம் ஆம்பிட்டாலும் வாசிப்போம். அந்தப் பழக்கத்துல, போன லீவுல நீ போட்டுட்டுப் போன புத்தகத்தையும் நோட்டையும் வாசிச்சுப் பாத்தேன். நீ வாசிச்சியான்னு கேக்க மாட்டேன். நடுவுல பாதிப் பக்கம் இன்னும் ஒட்டிக்கிட்டுத்தான் இருந்துச்சு.

அதுல கார்ல் ரோஜர்ஸுன்னு ஒரு அமெரிக்காக்காரரு. 1902-ல பொறந்தவரு. மொதல்ல விவசாயம் படிக்கப் போனாரு. அது ஒட்டாமப் பாதிரியாருக்குப் படிக்கப் போனாரு. அதையும் விட்டுட்டு மனோதத்துவத்துக்கு வந்தாரு. நம்ம ஊருல ஒருத்தன் இப்பிடி மூணு படிப்பு மாறுனா மொதல்ல அவனத்தான் கவுன்சிலிங்குக்குக் கூட்டிட்டுப் போவாக.

ராச்செஸ்டர்ங்கிற ஊருல புள்ளைகளப் பாக்குத எடத்துல பன்னெண்டு வருசம் வேலை பாத்திருக்காரு. ஒரு தாயி அடங்காத பையனக் கொண்டாந்தா. சின்னதுலயே பெத்தவ அவன ஒதுக்கி வச்சதுதான் காரணம்னு இவரு கண்டுபுடிச்சிட்டாரு. கண்டுபுடிச்சத அவளுக்கு வெளங்க வைக்கப் பாக்காரு. பையச் சொல்லுதாரு, சுத்தி வளச்சுச் சொல்லுதாரு, ஒண்ணும் நடக்கல. கடைசியில, இது சரிப்படாதுன்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு எந்திரிச்சாச்சு. வாசல் வரைக்கும் போன பொம்பள திரும்பி, “இங்க பெரியவுகளுக்கும் பாப்பீகளா?”ன்னு கேட்டிருக்கா. ஆமான்னதும் திரும்ப வந்து உக்காந்து, புருசனோட தனக்கு இருக்க சங்கடத்த எல்லாம் கொட்டித் தீத்துட்டா. இவரு அதுவரைக்கும் எழுதி வச்சிருந்த குறிப்புக்கும் அவ சொன்னதுக்கும் சம்பந்தமே இல்ல. எங்க வலிக்குன்னு வலிக்கவனுக்குத்தான் தெரியும், எந்தப் பக்கம் போவணும்னு அவனத்தான் நம்பணும்னு அவருக்கு வெளங்குன எடம் அது.

1951-ல, வந்தவர மையமா வச்ச வைத்தியம்னு பெரிய புத்தகமே போட்டாரு. அவரு வழியோட சாரம் மூணு. அவன் நிக்குத எடத்துல நின்னு அவன் பாக்குதத நீ பாக்கணும். அவன் எதச் சொன்னாலும் முகஞ் சுளிக்காம, நிபந்தனை போடாம மதிக்கணும். உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணுன்னு நடிக்கக் கூடாது. கேக்க லேசாத்தான் இருக்கு. ஆனா ரெண்டாவது நம்ம கரையில நடக்குத காரியமா? ஒருத்தன மதிக்கதுக்கு முன்னால எந்தத் தெரு, யாரு மவன், எத்தன போட்டுன்னு மூணு கேள்வி கேக்காம நமக்கு நாக்கு அடங்காதே. நீ அந்த மூணையும் முழுங்கிட்டு உக்காரணும். மொத மாசம் வயிறு ஊதும். பொறுத்துக்கோ.

இன்னொண்ணு. ரோஜர்ஸப் பாதி படிச்சவுக எல்லாம் வந்தவன் சொன்னதையே திருப்பிச் சொல்லக் கத்துக்கிட்டாக. “ஒறக்கம் வரல சார்.” “ஒங்களுக்கு ஒறக்கம் வரலன்னு சொல்லுதீங்க.” “ஆமா சார், கடன்காரன் வாரான்.” “கடன்காரன் வாரான்னு ஒங்களுக்குத் தோணுது.” தோணல் இல்ல, நெசமாவே வாரான், வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கான்! இந்தக் கூத்தப் பாத்து ரோஜர்ஸே நொந்து போயி, நான் ஒப்பிக்கல, நான் புரிஞ்சுக்கிட்டது சரிதானான்னு அவங்கிட்டயே கேட்டுப் பாக்கேன், அவ்வளவுதான்னு கடைசிக் காலத்துல எழுதுனாரு. சரிதானான்னு கேக்கவனுக்கு, “இல்ல சார், தப்பு”ன்னு சொன்னாத் தாங்கிக்கிடத் தெரியணும். ஒனக்குத் தெரியுமா? சின்னதுல, போட்ட கணக்கு தப்புன்னு சொன்னதுக்குப் பரணுல ஏறி உக்காந்தவன் நீ.

சரி, அந்த அமெரிக்காக்காரரு 1951-ல எழுதுனத நம்ம ஊருக்காரன் தண்ணிக்கு மேல நின்னுக்கிட்டு எப்பவோ செஞ்சு வச்சிருந்தான். எங்க அப்பா முத்துக்குளிப்புல கயித்துக்காரரு. இந்தக் கரையில கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல. எனக்கு அப்ப மீசை மொளைக்கல. குளிக்கவன் கல்லுல காலக் குடுத்து, மூச்சப் புடிச்சு, சிப்பி கெடக்குத பாருக்கு எறங்குவான். எட்டுப் பாகம், பத்துப் பாகம் ஆழம். தரையத் தொட்டதும் கல்ல மேல இழுத்துருவாக. அவன் சிப்பியப் பொறுக்கிப் பையில போடணும். ஒரு நிமிசம், கூடக் கொஞ்சம். முடிஞ்சதும் கயித்த ஒரு சுண்டு சுண்டுவான். மேல நிக்கவன் இழுக்கணும்.

இங்க கவனி. மேல நிக்கவனுக்குக் கீழ என்ன இருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. தனக்குத் தெரியும்னு அவன் நெனச்ச அன்னைக்கு ஒரு உசுரு போச்சு. சுண்டுததுக்கு முன்னால இழுத்தாப் பை காலியா வரும். சுண்டுன பெறகு இழுக்காம, பக்கத்துப் படகுக்காரங்கிட்ட பீடிக்கு நெருப்புக் கேட்டுக்கிட்டு நின்னா ஆளு காலியா வருவான். முத்து இருக்குத சிப்பி எதுன்னு மேலருந்து சத்தம் போடவும் முடியாது. தண்ணிக்கடியில எவன் காது கேக்கும்? அவன் சோலி ஒண்ணே ஒண்ணு: கயித்துல கைய வச்சுக்கிட்டு, கைக்குள்ள காத வச்சுக்கிட்டு நிக்கது. அதனாலதான் கயித்த மச்சினன் கையில குடுக்கணும்னு சொல்லுவாக. அக்கா தாலி அறுந்துறக் கூடாதேங்கிற பயத்துல அவன் கண்ணு அசராது. ஒன்கிட்ட வாரவன் ஒனக்கு மச்சான் இல்ல. ஆனா ஒரு மணி நேரத்துக்கு அந்தப் பயம் ஒனக்கு இருக்கணும். மருமவனே, வந்தவர மையமா வச்ச வைத்தியம்னா இதுக்கு மேல ஒரு மண்ணும் இல்ல.

அதுக்காகக் கயிறு மட்டும் போதும்னு நெனச்சிராத. அந்தப் படகுகளுக்கு இன்னொரு ஆளும் வேணும். கடல்கட்டின்னு பேரு. மந்திரத்தால சுறா வாயக் கட்டுதவரு. அவரு இல்லாம எவனும் தண்ணியில கால வைக்க மாட்டான். 13-ஆம் நூத்தாண்டு கடைசியில இந்தக் கரைப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, ராசாவுக்குப் பத்துல ஒரு பங்கு, மீன் வாயக் கட்டுதவுகளுக்கு இருவதுல ஒரு பங்குன்னு கணக்கு எழுதி வச்சிருக்காரு. அந்தக் கட்டு பகலுக்கு மட்டுந்தானாம். ராத்திரிக்கு அவுத்து விட்டுருவாகளாம். அப்பத்தான் ராத்திரியில எவனும் களவாச் சிப்பி அள்ளப் போவ மாட்டான். இருவதுல ஒரு பங்கு வாங்கிக்கிட்டு ராத்திரிக் காவலையும் சுறா தலையில கட்டுனானுவ பாரு, அவனுவகிட்டல்லா நீ ஃபீஸு நிர்ணயம் படிச்சிருக்கணும்!

1859-ல இலங்கையப் பத்திப் புத்தகம் போட்ட எமர்சன் டெனன்ட்டுன்னு ஒரு வெள்ளக்காரத் துரை, அங்க முத்துக்குளிப்பப் பாக்கப் போயிருக்காரு. அன்னைக்குக் கடல்கட்டிக்கு ஒடம்புக்கு முடியல. தனக்குப் பதிலா ஒரு ஆள அனுப்பியிருக்காரு. துரை அவன மடக்கி, மந்திரம் தெரியுமான்னு கேட்டா, எனக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா அவரு சார்பா நான் வந்திருக்கேன்னு சுறாவுக்குத் தெரியும், மருவாதி குடுக்கும்னு சொல்லியிருக்கான். இதுல அந்தக் கடல்கட்டிக் குடும்பத்துத் தலைவரு வேதக்காரரு, ரோமன் கத்தோலிக்கம். குளிக்கவன் அதப் பத்தி எல்லாம் கவலப்படல. ஆளு வந்திருக்காரா? வந்திருக்காரு. அப்பச் சரி, எறங்கு.

சிரிக்காத. துரையும் சிரிச்சிட்டுத்தான் எழுதுனாரு. ஆனா கடல்கட்டி கட்டுனது சுறா வாய இல்ல, குளிக்கவன் நெஞ்சுல இருந்த நடுக்கத்த. நடுக்கம் நின்னாத்தான் மூச்சு நிக்கும். மூச்சு நின்னாத்தான் பை நெறையும்.

இப்ப ஒன் நோட்டுல நீயே சிவப்பு மையில கோடு போட்டு வச்ச கணக்குக்கு வா. 1992-ல மைக்கேல் லாம்பர்ட்டுன்னு ஒருத்தர், பல ஆராய்ச்சிகளப் பாத்துட்டு, மன வைத்தியத்துல ஒருத்தனுக்குச் சொகமாவுததுக்கு எது எது எவ்வளவு காரணம்னு குத்துமதிப்பாப் பங்கு பிரிச்சாரு. வந்தவனோட சொந்தத் தெம்பும், அவன் வீடு வாசல், வெளிய நடக்குத நல்லது கெட்டதும் நூத்துக்கு 40. வைத்தியனுக்கும் அவனுக்கும் இருக்க ஒறவு 30. சொகமாவும்ங்கிற நம்பிக்கை 15. நீ லட்சம் லட்சமாக் கட்டிப் படிச்ச முறை, உத்தி, டெக்னிக்கு எல்லாம் சேத்து மீதி 15. குளிக்கவன் நெஞ்சுரம் 40, கயிறு 30, கடல்கட்டி 15, கல்லும் பையும் 15. லாம்பர்ட்டு தூத்துக்குடிக்கு வந்தாரான்னு விசாரிக்கணும்.

அதுக்காகக் கல்லக் கடல்ல எறிஞ்சிராத. கல்லு இல்லாம எவனும் தரைக்குப் போவ முடியாது. எந்த ஆழத்துக்கு எந்தக் கல்லுன்னு பாக்குததத்தான் நீங்க ஒருங்கிணைந்த முறைங்கிறீக. ஃப்ராய்டு வழியில ஒருத்தன் பழசத் தோண்டுவான். ஆரன் பெக் வழியில ஒருத்தன் நெனப்ப மாத்துனா மனசு மாறும்பான். இன்னொருத்தன் மூச்ச எண்ணச் சொல்லுவான். முன்னெல்லாம் இவனுவளுக்குள்ள சண்டை. என் வழிதான் வழின்னு. 1936-லயே சால் ரோசன்ஸ்வைக்குன்னு ஒருத்தர், எல்லா வழியிலயும் ஏறக்கொறைய ஒரே அளவுதான் சொகமாவுது, அப்ப எல்லாத்துலயும் பொதுவா ஏதோ ஒண்ணு வேலை செய்யிதுன்னு போட்டு ஒடைச்சிட்டாரு. பெறவு, சண்டை போட்டது போதும், நல்லத எடுத்துக்கிடுவோம்னு 1983-ல அவுக ஒரு சங்கமே வச்சிட்டாக. நம்ம ஊரு சண்டைக்கு முடிவு வரதுக்கும் இவ்வளவு வருசந்தான் ஆவும், பரவால்ல.

ஆனா ஒருங்கிணைக்கேன்னு சொல்லிக்கிட்டு ஒரே ஆளுக்கு எல்லாத்தையும் போடாத. போன வாரம் உங்க அத்தைக்கு முட்டுவலின்னு சொன்னதும் அவ கண்ண மூடச் சொல்லி, மூச்ச இழுக்கச் சொல்லி, சின்ன வயசு ஞாபகத்தக் கேட்டு, கடைசியில ஒரு தாளுல நெனப்புகள எழுதச் சொல்லிட்ட. அவ எழுதுனா. நான் வாசிச்சேன். எல்லாம் என்னப் பத்திதான். முட்டுவலி அப்பிடியே இருக்கு.

எத எடுக்கணும்னு யாரு சொல்லுவா? வந்தவன் சொல்லுவான். 2023 டிசம்பர் 17, 18-ல மழை கொட்டுச்சே, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல. நம்ம தெருவுல இடுப்பளவு தண்ணி. வடிஞ்ச பெறவு நல்ல மனசோட சில புள்ளைக வந்து, “இப்ப ஒங்க மனசு எப்பிடி உணருது?”ன்னு கேட்டுச்சு. பக்கத்து வீட்டு உப்பளத்துக்காரி, “மனசு மொட்டை மாடியில காஞ்சுக்கிட்டு இருக்கு தாயி, மொதல்ல குடிக்கத் தண்ணி இருக்கா?”ன்னு கேட்டா. அவ கேட்டதுதான் சரியான வைத்தியம். உலக சுகாதார நிறுவனம் 2011-ல போட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டுலயும் அதான் இருக்கு: பாரு, கேளு, வேண்டியதோட சேத்து வை. தண்ணி வேணும்ங்கிறவளுக்குத் தண்ணி. நாலு நாள் கழிச்சு அவளே சுண்டுவா. அப்ப நீ கயித்துல கைய வச்சுக்கிட்டு இருந்தாப் போதும்.

அதுலயும் நம்ம சனம் மனசு சரியில்லன்னு சொல்லிக்கிட்டு வராது. நெஞ்சு படபடங்கு, தலை கிறுகிறுங்கு, சோறு எறங்கல, ஒறக்கம் இல்ல. கடலுக்குப் போன புருசன் திரும்பலன்னா அவ முதுகு வலிக்கின்னுதான் வருவா. முதுகப் பத்தியே கேளு. மெதுவா முதுகுலருந்து வீட்டுக்கு வருவா, வீட்டுலருந்து கடலுக்குப் போவா. நீயா முந்திக்கிட்டு, “இது முதுகு இல்ல, துக்கம்”னு தீர்ப்புச் சொன்னா, எந்திரிச்சு எலும்பு டாக்டர்கிட்டப் போயிருவா.

அப்பறம் நம்மூர்ல ஒரு ஆளு தனியா வருவானா? அம்மா, பெரியப்பா, சித்தி, கூட ஒரு பக்கத்து வீட்டுக்காரன். “தம்பிக்கு என்ன செய்யிது?”ன்னு நீ கேப்ப. அம்மா அழுவா, பெரியப்பா காரணம் சொல்லுவாரு, பக்கத்து வீட்டுக்காரன் வைத்தியம் சொல்லுவான். தம்பி ஏசிய அண்ணாந்து பாத்துக்கிட்டு இருப்பான். எல்லாரையும் வெளிய தள்ளிக் கதவச் சாத்துன்னு அமெரிக்காப் புத்தகம் சொல்லும். கொஞ்ச நேரம் சாத்து. அது அவன் உரிமை. ஆனா ஒரேயடியாச் சாத்திராத. 1950-கள்ல அமிர்தசரஸ் மனநல ஆஸ்பத்திரியில வித்யாசாகர்ங்கிற டாக்டர், உள்ள எடம் பத்தலன்னு வெளிய கூடாரம் போட்டு நோயாளியோட குடும்பத்தையும் தங்க வச்சாரு. குடும்பம் கூட இருந்தவன் வெரசாத் தேறி வீட்டுக்குப் போனான். லாம்பர்ட்டு போட்ட அந்த 40-ல பெரியப்பாவும் இருக்காரு, மருமவனே. பேச்சக் கொறைக்கச் சொல்லு, ஆளக் கொறைக்காத.

நம்ம ஆளு இன்னொண்ணும் செய்வான். எல்லாத்தையும் சொல்லி முடிச்சிட்டு, “நீங்களே சொல்லுங்க சார், நான் என்ன செய்ய?”ன்னு கையக் கட்டிக்கிட்டு நிப்பான். “பதில் ஒங்களுக்குள்ளயே இருக்கு”ன்னு நீ சிரிச்சேன்னா, உள்ள இருந்தா ஒன்கிட்ட எதுக்கு எண்ணூறு ரூவா குடுக்கணும்னு கேப்பான். ஜஸ்வந்த் சிங் நேகின்னு மனநல டாக்டர் 1973-லயே இதப் பத்தி எழுதியிருக்காரு. நம்ம நாட்டு ஆளு வைத்தியனக் குருவாப் பாத்துத்தான் வாரான், அந்த ஒறவையே வைத்தியமாக்க வழி இருக்குன்னு. அதனால கேட்டாக் கொஞ்சம் சொல்லு. கயித்துக்காரனும் சுறாவக் கண்டா இழுக்கத்தான் செய்வான். ஆனா கேட்டு முடிச்ச பெறவு சொல்லு. சொன்னத அவன் செய்யாட்டி மொறைக்காத.

கோயில், மாதா, தர்கா பக்கமும் வாயத் தொறக்கதுக்கு முன்னால யோசி. ஒன்கிட்ட வாரவன் அதுக்கு முன்னால பனிமய மாதாகிட்ட மெழுகுவர்த்தி ஏத்தியிருப்பான், புளியம்பட்டி அந்தோணியாருகிட்ட தங்கியிருப்பான், ஏர்வாடிக்கும் போயிட்டு வந்திருப்பான். எல்லாம் மூடநம்பிக்கைன்னு மேசையத் தட்டாத. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயில்ல தங்குன மனநோயாளிக 31 பேர ஆராய்ச்சிக்காரங்க அளந்து பாத்து, 2002-ல இங்கிலாந்து மருத்துவப் பத்திரிகையில எழுதுனாக. சராசரியா ஆறு வாரம் தங்குனவுகளுக்கு நோயோட கடுமை ஏறக்கொறைய அஞ்சுல ஒரு பங்கு கொறைஞ்சிருந்துச்சு. தனியா ஒரு சடங்கும் கெடையாது. காலையில பூசை, சின்னச் சின்ன வேலை, ஏசாத மனுசங்க, ஒதுங்க ஒரு எடம். நிபந்தனை போடாத மதிப்புன்னு ரோஜர்ஸு எழுதுனது அங்க திண்ணையில உக்காந்திருந்துச்சு.

ஆனா அதே நம்பிக்கை கயித்த விட்டுட்டுச் சங்கிலியக் கையில எடுத்தா என்ன ஆவும்னும் இந்தக் கடக்கரைதான் பாத்துச்சு. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. சங்கிலியில கட்டிப் போட்டிருந்தவுக, காப்பகத்துல தீப்புடிச்சப்ப ஓட முடியாம 28 பேரு செத்தாக. அவுகள்ல எவன் எப்பச் சுண்டுனான்னு யாருக்கும் தெரியாது. கயித்துல யாருமே இல்ல. இதுல மட்டும் எனக்குக் கேலி வராது மருமவனே. 2017-ல வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த விதத்துலயும் சங்கிலி போடக் கூடாதுன்னு சொல்லிட்டு. ஒருத்தனக் கட்டி வச்சிருக்காகன்னு தெரிஞ்சா, அன்னைக்கு நீ கேட்டுக்கிட்டு உக்காந்திருக்காத; எந்திரிச்சுப் போ. குஜராத்துல மீரா தாதர் தர்காவுல ஒரு வழி கண்டாக: துவாவும் நடக்கட்டும், அங்கனயே டாக்டர் குடுக்குத தவாவும் நடக்கட்டும்னு. பெறவு ஏர்வாடியிலயும் அந்த வழி வந்துச்சு. சாமி கும்புடவும் மாத்திரை போடவும் ஒரே ஆளுக்கு ரெண்டு கை இருக்கு. இதான் நான் பாத்ததுலயே உருப்படியான ஒருங்கிணைப்பு.

மாத்திரைன்னு சொன்னதும் மூஞ்சி சுருங்குது. பேச்சாலயே எல்லாம் தீரும்னு நெனைக்க வயசு. ஒங்க ரோஜர்ஸே விஸ்கான்சின்ல மனச்சிதைவு நோயாளிககிட்ட பல வருசம் தன் வழியப் பாத்தாரு. பெருசா ஒண்ணும் கை கூடல. காதுல குரல் கேக்குங்கிறவன், நாள்கணக்கா ஒறங்காதவன், சோறு தண்ணி விட்டவன், சாவப் பத்திப் பேசுதவன் வந்தா, ஒன் ஏசி ரூமுல உக்கார வச்சு ஆறு வாரம் ஓட்டாத. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு. நீயே கூடப் போ. அனுப்பிட்டோம்னு கை கழுவாத, பேச்சும் நடக்கட்டும். தற்கொலைக்கு முயன்று தப்புனவனப் போலீசு கேசுன்னு பயங்காட்டுத காலமும் போச்சு. அவன் கடும் மன நெருக்கடியில இருந்தான்னுதான் எடுத்துக்கிடணும், அவனுக்குச் சிகிச்ச குடுக்கது அரசாங்கத்தோட கடமைன்னு அதே 2017 சட்டம் சொல்லுது. இத ஒன் ரூமுக்கு வாரவனுக்குச் சொல்லு, ரூமுக்கு வராத ஊருக்கும் சொல்லு.

இன்னொரு சேதி, உங்க அத்தைகிட்டச் சொல்லிராத. ஜிம்பாப்வேயில டிக்ஸன் சிபாண்டான்னு மனநல டாக்டர். நாட்டுல மனநல டாக்டருக விரல் விட்டு எண்ணுத அளவுதான். 2006-ல ஹராரேயில பதினாலு பாட்டிமாருக்குப் பயிற்சி குடுத்து, ஆஸ்பத்திரி வளாகத்துல மரபெஞ்சு போட்டு உக்கார வச்சிட்டாரு. வாரவுக பாட்டி பக்கத்துல உக்காந்து மனசவுத்துப் பேசுவாக. எந்தப் பிரச்சினைய மொதல்ல எடுக்கணும்னு அவுகளே முடிவு பண்ணுவாக. நல்லா நடக்கா இல்லையான்னு முறையா ஆராய்ஞ்சு 2016-ல அமெரிக்க மருத்துவப் பத்திரிகையில போட்டாக; பாட்டிக கிட்டப் பேசுனவுகளுக்கு மனச்சோர்வு நல்லாவே கொறைஞ்சிருந்துச்சு. பாட்டிமாருக்குக் குடுத்த முக்கியமான பயிற்சி என்ன தெரியுமா? புத்தி சொல்லாம இருக்கது. நம்ம தெருவுல அந்தப் பரீட்ச வச்சா ஒரு கெழவியும் தேற மாட்டா. உங்க அத்தை கேள்வித்தாளுக்கே புத்தி சொல்லுவா.

காசு விசயம். கவுன்சிலர்னு எவன் வேணும்னாலும் பலகை மாட்டுத நாடு இது. மனநல மருத்துவர்னா எம்.பி.பி.எஸ். முடிச்சு அதுக்கு மேல படிச்சவரு, மருந்து எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுன்னா இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்ல பதிவு இருக்கணும். நீ யாரு, ஒன்னால என்ன முடியும், என்ன முடியாதுங்கிறத வந்தவனுக்கு மொத நாளே சொல்லிரு. உள்ளயும் வெளியயும் ஒண்ணா இருக்கணும்னு ரோஜர்ஸு சொன்ன மூணாவது அதான். மீன்பாடு இல்லாத நாள்ல வாரவங்கிட்ட பாதி வாங்கு. தடைக்காலத்துல வாரவங்கிட்ட மீன் பட்ட பெறவு வாங்கு. கெட்டுப் போவ மாட்ட.

என்ன, வாயத் தொறக்காமக் கேட்டுக்கிட்டே இருக்க? நானும் இவ்வளவு நேரம் கொட்டித் தீத்துட்டேன். நெஞ்சு லேசாத்தான் இருக்கு. ஒரு தடவ கூட நீ குறுக்க விழல, போனப் பாக்கல. அப்ப ஒனக்குத் தொழில் வரும். ஃபீஸ உங்க அத்தைகிட்ட வாங்கிக்கோ, நான் கேட்டுக்கிட மாட்டேன்.

மத்தவுகளுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுல ஒருத்தரு ஒறங்காம, பேசாம, சோறு தின்னாம இருந்தா அவரத் திருத்தப் பாக்காதீக, மந்திரிச்சிட்டுக் கட்டி வைக்காதீக. பக்கத்துல உக்காந்து, என்ன செய்யிதுன்னு கேட்டுட்டு, பதில் வரவரைக்கும் வாய மூடிக்கிட்டு இருங்க. அது ஒங்களால முடியலன்னா 14416-க்குப் போன் போடுங்க. டெலி மானஸ்னு பேரு, 2022 அக்டோபர்லருந்து நடக்கு. ராத்திரி பகல்னு இல்ல, காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம். வெக்கப்பட்டு வெக்கப்பட்டு வீட்டுக்குள்ள ஆளக் கொறைச்சுக்கிட்டது போதும்.